தூன்யா என் பின்னாலேயே வருகிறாள்

டெல்னிட்செ,
15 அக்டோபர் 1988

அன்புள்ள வியெரானுக்கு,

உன் பெரியம்மா ஒத்தீலியா எழுதுவது. குடல்வாலை இழந்து ரியேகா மருத்துவமனையில் படுத்திருக்கும் நீ சீக்கிரம் எழுந்து நடக்க, புனித அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். இங்கே கரடி உட்பட எல்லோரும் நலம்.

மே மாதம் நீ ரேடியோக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்ட பெண்கரடி தூன்யா எங்கே இருக்கிறாள் என்று, வேட்டைப் பருவம் முடியும்வரை தினமும் மூன்று வேளை கருவியில் கேட்டுக் குறிக்கச் சொன்னாய். கோடு போட்ட நோட்டில் குறித்திருக்கிறேன். நீ எழுதிவைத்துவிட்டுப் போன அவள் பட்டையின் அலைவரிசை எண்ணைக் கடவுளாலும் படிக்க முடியாது. ஆகவே உன் பச்சைக் கோட்டின் பின்பையில் கிடந்த மாற்றுப் பட்டையில் அழகாக அச்சிட்டிருந்த எண்ணையே கருவியில் வைத்தேன். அந்தப் பட்டையில் அனாவசியமாக ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து என் குண்டூசிகளுக்கு வைத்துக்கொண்டேன். பட்டையைப் பைக்குள்ளேயே போட்டு, குளிருக்கு அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வியெரான், அந்தக் கரடி ஐந்து நாளாக என் பின்னாலேயே வருகிறது. ஏழு மணித் திருப்பலியில் கருவி கத்துகிறது, ரொட்டிக்கடை வரிசையில் கத்துகிறது, உன் பெரியப்பாவின் கல்லறையில் கத்துகிறது. பத்தடிக்குள் நிற்பதுபோல அப்படி ஒரு சத்தம், திரும்பிப் பார்த்தால் ஒரு இலைகூட அசையவில்லை, எனக்கோ முதுகெல்லாம் சில்லென்று ஆகிறது, ஆனால் மடத்துப் பள்ளியில் படித்தவள் ஓடக்கூடாது என்பதால் நடந்தே வீடு வந்து சேர்கிறேன். மிகவும் ஒழுக்கமான கரடி. ஒரு நாள்கூடப் பூசைக்குத் தாமதமாக வந்ததில்லை.

என் கொழுந்தன் பிளாஷை நினைத்துத்தான் பயம். வேட்டைச் சங்கத்தில் இந்தப் பருவத்துக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு கரடி அனுமதி, அது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. பட்டை போட்ட கரடியைச் சுடக்கூடாது என்று எச்சரிக்கப் போனேன். "குளிர் ரோமம் வந்தப்புறம் பட்டை எங்க அண்ணி தெரியுது? முதல்ல சுடுவோம், அப்புறம் கழுத்தைப் பாத்துக்கலாம்" என்றான். நேற்று மாலை வெளிச்சம் மங்கும் நேரம் அவன் மரப்பரணில் காத்திருக்க, நானும் கருவியோடு ஏணியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்குங்க அண்ணி, உங்க வாசனைக்கே கரடி வராது."

"நான் சோப்புப் போட்டுக் குளிக்கிறவ. நீ உன்னைப் பாத்துக்கோ."

அப்போது காட்டு மரங்களுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று வெளியே வந்து, அவன் இரையாகக் கொட்டியிருந்த மக்காச்சோளத்தை முகர்ந்தது. பிளாஷ் மூச்சை அடக்கித் துப்பாக்கியைத் தோளில் வைத்தான். கருவியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன், அலறுகிறது! தூன்யாவேதான்! நான் எழுந்து நின்று, மாதா மன்றாட்டு மாலையை முதலிலிருந்து உரக்கச் சொன்னேன். மூன்றாவது மன்றாட்டுக்குள் கரடி மலையைத் தாண்டியிருக்கும்.

"பதினோரு வருஷமா இந்தக் கரடிக்குக் காத்திருக்கேன்! மடத்துல படிச்சதை ஒப்பிக்கப் பரண்தான் கிடைச்சுதா?" என்று கத்தினான். "அதுக்குப் பட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவேன், மன்னிப்புக் கேட்டே ஆகணும்!"

கேட்க மாட்டேன். 1936இல் மடத்துத் தலைமைச் சகோதரியிடமே கேட்காதவள் நான். அவன்தான் கோயில் வாசலில் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்க வேண்டும். நீயும் சங்கத்துக்குக் கண்டித்து எழுது.

கஞ்சி மட்டும் குடி. தாதியரிடம் மரியாதையாகப் பேசு. மாதாவின் நிழல் உன்மேல் இருக்கட்டும்.

உன் பெரியம்மா,
ஒத்தீலியா மைனாரிச்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மேசைமேல் கருவி கத்தியது, கோட்டு ஆணியில் தொங்கியது. கோட்டருகே கொண்டுபோனேன், இன்னும் கத்தியது. பின்பையிலிருந்த பட்டையில் காந்தத்தைத் திருப்பி ஒட்டினேன். கருவி வாய் மூடிக்கொண்டது; காந்தம் ஒட்டியிருந்தால்தான் பட்டை தூங்கும் போலிருக்கிறது. ஆக, ஐந்து நாளாக நான் என்னையேதான் பின்தொடர்ந்திருக்கிறேன். நேற்று நான் விரட்டியது யாரோ வேறு கரடி. பிளாஷ் சொன்னது சரி. பூதக்கண்ணாடி வைத்து உன் எண்ணைப் படித்துக் கருவியில் வைத்தேன். உடனே சத்தம், பலமாக. சன்னலைத் திறந்தால், வீட்டுக்குப் பின்னால் நம் ஆப்பிள் மரத்தடியில் தூன்யா உட்கார்ந்து உதிர்ந்த பழங்களைத் தின்றுகொண்டிருக்கிறாள். ரோமத்துக்குள் பட்டை புதைந்து கிடக்கிறது. எனக்கே கண்ணாடி போட்டும் லேசாகத்தான் தெரிந்தது. மணி பதினொன்று ஆகப்போகிறது, வளைவில் பிளாஷின் ஜீப் சத்தம் கேட்கிறது. துப்பாக்கி இல்லாமல் அவன் எங்கும் போவதில்லை. நான் தெருவிலேயே அவனை நிறுத்தி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நேற்றைக்கு மட்டுமல்ல, என் கல்யாண நாளிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல். தூன்யா மெதுவாகத்தான் சாப்பிடுகிறாள்.