அறுபது அடி போதாத ஊர்

பயப்படுகிறவன் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே முடிந்துவிடும். இந்தச் சின்ன விஷயம் எனக்கு இருபத்தெட்டு வயதில், பாண்டிச்சேரிக் கடலில், உடம்போடு ஒட்டிய கறுப்பு ரப்பர் உடையில் தத்தளித்தபோதுதான் புரிந்தது. (அந்த உடையில் என் தொப்பையைப் பார்த்த பதினோரு பேரும் இன்று எனக்கு நெருங்கிய சொந்தம்.)

சேந்தமங்கலம் பக்கம் எங்கள் கோழிப்பண்ணை ஓரமாக ஓர் அறையில் உட்கார்ந்து மென்பொருள் வேலை பார்ப்பவன் நான். நண்பர்கள் வற்புறுத்தியதால் பாண்டிச்சேரிக்குப் போய் ஸ்கூபா அடிப்படைப் பயிற்சி முடித்தேன். அறுபது அடி ஆழம் வரை இறங்கலாம் என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அட்டையில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. நான் இறங்கியபோதெல்லாம் பயிற்சியாளர் அருளின் கையை விடவே இல்லை.

அடுத்து என்ன பயிற்சி எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டேன்.

“சார், நீங்க தண்ணிக்குள்ள லிஃப்ட் மாதிரி மேலயும் கீழயும் போய்க்கிட்டே இருக்கீங்க. பாயன்சி கோர்ஸ் எடுங்க. ஒரே மட்டத்துல மிதந்து நிக்கப் பழகுங்க. ஆழமா போறது, ராத்திரி டைவ், ரெஸ்க்யூ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

நல்ல யோசனை. எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் நாமக்கல் மாவட்டத்தில் ஒருவன் அடுத்து என்ன படிப்பது என்பதை அவனே முடிவு செய்துவிட முடியாதே!

“மெதக்கறதுக்கு ஒரு கோர்ஸா?” என்றார் அப்பா. “எட்டு வயசுல உன்னையக் கெணத்துல தள்ளி உட்டுச் சும்மாவே சொல்லிக் குடுத்தனே சாமி!”

அந்த வாரமே திருச்செங்கோட்டில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் நித்யா. அவள் அப்பா குமரேசன், போர்வெல் போடும் ரிக் வண்டிகளின் முதலாளி. அவர் வண்டிகள் பூமியைத் துளைக்காத மாநிலம் குறைவு. அப்பா பெருமையாக ஆரம்பித்தார்: “பையன் கடலுக்குள்ள எறங்கற படிப்பு முடிச்சிருக்கறானுங்க.”

குமரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எத்தனை அடிங்க தம்பி?”

“அறுபதுங்க.”

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அறுவதடியில எங்க வண்டி இன்னும் சூடே ஆயிருக்காதுங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். வாசற்படி ஓரம் நின்ற நித்யாவும் சிரித்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் வினை. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“அடுத்த மாசம் நூறு அடி போறேனுங்க. அதுக்குத் தனிக் கோர்ஸ் இருக்குதுங்க.”

பிறகு எங்களைத் தனியாகப் பேசவிட்டபோது நித்யா கேட்ட முதல் கேள்வி, “நூறடின்னா பயமா இருக்காதுங்களா?”

“சேச்சே” என்றேன். அவள் என் தோள்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். (அவள் பிசியோதெரபிஸ்ட். தோளைப் பார்ப்பது தொழில் என்று நினைத்துக்கொண்டேன்.)

அடுத்த ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. நூறு அடியில் குடிக்காமலே போதை ஏறும் என்று படித்தேன். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் குமிழி உண்டாகும் என்று படித்தேன். காதில் கோளாறு இருந்தால் இறங்கக் கூடாது என்று படித்ததும் நிம்மதியாகி, சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் ஓடினேன். அவர் ரெண்டு காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “அருமையான காது தம்பி” என்றார். ஒரு நல்ல செய்தி கேட்டு நான் அவ்வளவு நொந்துபோனது வேறு எப்போதும் இல்லை. மூன்று முறை போனை எடுத்து, பாயன்சியே போதும் என்று அருளிடம் சொல்லப் பார்த்தேன். மூன்று முறையும் நித்யாவின் சிரிப்பு ஞாபகம் வந்து வைத்துவிட்டேன்.

தனியாகப் போய்த் தனியாக அவமானப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டால் குடும்பமே ரிக்கைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அந்தப் பழக்கத்தில் குமரேசன், “நூறடிங்களா? அப்ப நாங்களும் வாரோம்” என்றார். இரண்டு வீட்டாரும் ஒரே வேனில், புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

கடற்கரையில் நான் உடை மாட்டி முடிப்பதற்குள் குமரேசன் பூஜையே ஆரம்பித்துவிட்டார். போர் போடும்முன் ரிக்குக்குச் செய்வதுபோல என் காற்று சிலிண்டருக்கு விபூதிப் பட்டை, குங்குமம். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார். அருள் என்னைத் தனியே இழுத்து, “சார், நெஜமாவே ஆழத்துக்குப் போகணுமா? இப்பவும் மாத்திக்கலாம்” என்றார். பின்னால் பதினோரு பேர் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். போகலாம் என்றேன்.

எல்லோரும் ஒரே படகில் போனோம். நான் குதித்தேன். மிதப்பதற்காகக் காற்றடைத்து மாட்டியிருந்த சட்டையிலிருந்து காற்றைத் திறந்துவிட்டேன். எல்லாம் பாடத்தில் சொன்னபடி. ஆனால் இறங்கவில்லை.

பக்கத்தில் மிதந்த அருள், “மூச்சை வெளிய விடுங்க சார், தானா எறங்கும்!” என்று கத்தினார். அதனால்தான் நான் விடவில்லை. விட்டால் இறங்கிவிடுவேனே! நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு பந்துபோல மிதந்தேன். கனத்துக்காக அவர் என் இடுப்பு பெல்ட்டில் இன்னும் இரண்டு ஈயக்கட்டி கோத்தார். மூன்றடி போய் மேலே வந்தேன். மறுபடி கட்டி, மறுபடி மூன்றடி. படகிலிருந்து என் அம்மாவின் குரல், “அய்யோ, மறுக்காவும் வந்துட்டான்!”

நான்காவது தடவை உப்புத்தண்ணீரை ஒரு குடம் விழுங்கிவிட்டு ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். குமரேசன் எட்டிப் பார்த்தார். போர்க்குழியில் மண் சரியாமல் இருக்க முதலில் இறக்கும் குழாய்க்கு கேசிங் என்று பெயர். அவர் கவலையோடு சொன்னார்:

“கேசிங்கே எறங்கலீங்களே தம்பி!”

என்னால் முடியவில்லை. “எனக்குப் பயமா இருக்குதுங்க!” என்று கத்தினேன். “மொதல்ல இருந்தே பயந்தானுங்க! அறுவதடிக்கே பயந்தானுங்க!”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அப்பா தூரத்தில் எதையோ தேடுவதுபோலக் கடலைப் பார்த்தார். அருள் ஈயக்கட்டிகளைக் கழற்றிவிட்டு, “இன்னிக்குப் போதும் சார்” என்றார். திரும்பும் வழியில் உளுந்தூர்பேட்டை தாண்டியும் புளிசாதத்தை யாரும் பிரிக்கவில்லை. சம்பந்தம் முறிந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நித்யாவே போன் செய்தாள்.

“எங்கூட்டுல சரின்னு சொல்லிட்டேனுங்க.”

நான் இழுத்தேன்: “அன்னிக்கு அத்தனை பேரு முன்னால...”

“பயந்தா உங்க தோளு ரெண்டும் காதுகிட்டப் போயிருதுங்க. பாக்க வந்தன்னிக்கே தெரியும். நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.” “எங்கப்பா ரிக்குல வேலை செய்யறவங்க ஒருத்தருமே பயம்னு சொல்ல மாட்டாங்க. அதுல ரெண்டு பேருக்குக் கையில வெரலு இல்லீங்க.”

கல்யாணமான மறு வருஷம் நாங்கள் இருவரும் அருளிடம் போனோம். அவள் அடிப்படைப் பயிற்சி எடுத்தாள். நான் பாயன்சி எடுத்தேன். இப்போது இருபதடியில் மூச்சை உள்ளே வெளியே விட்டுக்கொண்டு, ஒரே மட்டத்தில் நிற்பேன். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

குமரேசன் மாமா மட்டும் விடுவதாக இல்லை. போன வாரம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் “இவருங்க?” என்று கேட்டார். மாமா என் தோளில் கை போட்டார்.

“நம்ம மாப்ளைங்க. கடலே வேண்டாம்னு நாலு தடவை மேல தள்ளி உட்டுருச்சு. நாங்கதான் எடுத்துக்கிட்டோம்.”