ரேடியோ டீச்சர் நாவடக்கிய பெரும்போர்

சுண்ணத்தூள் படிந்த கரும்பலகையே காப்பு. கால் ஆடும் மேசையே துணை. எட்டாம் வகுப்பு அறிவியலை ஒற்றை மூச்சில் ஓதவல்லவளும், கேள்வி பிறக்குமுன்னே விடையை ஈன்று தொட்டிலிலிடும் திருவாய் படைத்தவளும், சுவர் கடந்து முழங்கும் குரலால் 'ரேடியோ டீச்சர்' என்று பள்ளியெங்கும் புகழ் பரப்பியவளுமாகிய வீராங்கனை, தன் சொந்த நாவை எதிர்த்துப் பொருத கதையைப் பாடப் புகுந்தோம். கேட்போர் காது குளிர்க. அன்று அந்த வகுப்பின் காதுகள் உண்மையிலேயே குளிர்ந்தன.

போருக்கு மூலம் ஒரு பயிற்சி வகுப்பு. குடுவைகளோடும் நுண்ணோக்கியோடும் வாழ்ந்து முதிர்ந்த ஆராய்ச்சிக்கார அம்மாள் ஒருத்தி, அறிவியல் ஆசிரியர்களைக் கூட்டிவைத்து ஒரே ஓர் ஆணை பிறப்பித்தாள்: "விடைய நீங்க சொல்லாதீங்க. ஒரே ஒரு பீரியட் பொறுத்துக்குங்க. பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்."

பூ, இவ்வளவுதானா என்று நம் வீராங்கனை ஆசிரியர் அறை நடுவே நின்று, ஒரு பீரியட் முழுக்க விடை சொல்லேன் என்று சபதம் உரைத்தாள். கணக்கு வாத்தியார் புரையேறும்வரை சிரித்தார். வீட்டிலோ கணவர் சிரிக்கக்கூட இல்லை. உடம்புக்கு முடியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவளை உள்ளூர உலுக்கிய அச்சம் வேறு: தான் வாயை மூடினால் அந்த வகுப்பில் ஒன்றுமே நடக்காதோ?

களம் அமைந்தது. தட்டிலே நீர், நீர்நடுவே மெழுகுவத்தி, மேலே கவிழ்க்கக் கண்ணாடித் தம்ளர். புத்தகங்கள் மூடப்பட்டன. சுடர் எழுந்தது, தம்ளர் கவிழ்ந்தது, சுடர் துவண்டு மாண்டது, தட்டின் நீர் தம்ளருக்குள்ளே ஏறி நின்றது. "ஏன்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினாள்.

அந்தோ, மூடிய கணமே மூண்டது போர். 'ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்தை நிரப்ப நீர் ஏறிற்று' என்னும் விடை, ஆண்டாண்டாய் அவள் பரிமாறிப் பழகிய அருமருந்தன்ன விடை, அடிவயிற்றில் முரசறைந்து எழுந்து, தொண்டைக் கணவாய் கடந்து, நாவென்னும் மதகளிற்றின் பிடரியேறி, பல்லென்னும் மதிலை முட்ட, உதடென்னும் இரட்டைக் கதவம் கிடுகிடுத்தது. தண்ணீருக்குத் தாகம் என்றான் ஒருவன். தம்ளர் உறிஞ்சுகிறது என்றாள் ஒருத்தி. தப்பு ஒவ்வொன்றும் வேலாய்ப் பாய, அவள் நாற்காலியை இறுகப் பற்றினாள்; கைக்குட்டையை வாயில் திணித்தாள்; அதுவும் போதாமல் சாக்பீஸைக் கடித்தே விட்டாள். ஜன்னல் வழியே கணக்கு வாத்தியாரின் வழுக்கை மெல்ல உதயமானது.

டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று ஒருத்தி இரக்கப்பட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். பிறகுதான் வகுப்புக்கு உறைத்தது, இன்று யாரும் சொல்லித்தரப் போவதில்லை என்று. பெஞ்சுகள் காலியாயின. பிள்ளைகள் தட்டைச் சூழ்ந்து மறுபடி கொளுத்தினார்கள், மறுபடி கவிழ்த்தார்கள், தலையோடு தலை முட்டிச் சண்டை போட்டார்கள். வாயில் சாக்பீஸோடு டீச்சர் அந்த அமளியைப் பார்த்து நெஞ்சு நிறைந்து நின்றாள்.

அவ்வேளை முதல் ரேங்க்காரன் கூட்டத்தை விலக்கி முன்வந்து, இதே டீச்சரிடம் படித்த அக்காவிடம் கேட்டுவைத்திருந்ததை முழங்கினான்: ஆக்சிஜன் தீர்ந்தது. ஆமென்று ஆடப்போன தன் தலையை அவள் இரு கைகளாலும் பிடித்து நிறுத்தினாள்.

அப்போது தட்டருகே குனிந்திருந்த கடைசி பெஞ்சுக்காரியிடமிருந்து ஒரு குரல். வாய் திறந்து யாரும் கேட்டிராத பெண். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததே ரேடியோ டீச்சர்தான். "டீச்சர், மெழுகுவத்தி எரியிறப்போ தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்ச பிறகுதான் மடமடன்னு ஏறுது. ஆக்சிஜன் தீர்றதால ஏறுதுன்னா, எரியிறப்பவே கொஞ்சங் கொஞ்சமா ஏறணும்ல?"

திசையெட்டும் உறைந்தன. ஆண்டுதோறும் சுடர் சாகும் அந்த நொடியில், தான் விடையெழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவது அவளுக்கு உறைத்தது; தண்ணீர் எப்போது ஏறுகிறதென்று அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. களிற்றின் பிடரியிலிருந்த விடை கால் இடறிக் கீழே விழுந்தது. முதல் ரேங்க்காரன் காத்திருக்க, வகுப்பே மூச்சடக்கிக் காத்திருக்க, ஜன்னலில் வழுக்கை வியர்த்துக் காத்திருக்க, பூட்டிய கோட்டைக் கதவம் திறந்து, சாக்பீஸ் துண்டை உதிர்த்து, போர்வென்ற புகழ்நாவை அசைத்து, ரேடியோ டீச்சர் திருவாய் மலர்ந்தாள்.

"எனக்குத் தெரியலம்மா, இன்னொரு தடவ கொளுத்து, பார்ப்போம்."