பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்

"இது வாரத்துக்கு ஒருநாள் ஓடுற வண்டியோட ஷூ இல்லீங்க சார்" என்றார் மாசிலாமணி.

பின் சக்கரத்து டிரம்மைக் கழற்றி, உள்ளேயிருந்த பிரேக் ஷூவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பிடிக்க வேண்டிய பட்டை சுத்தமாகத் தேய்ந்து இரும்பு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

சவுரிராயனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆறு மாசம் முன்னாடிதான மாத்துனீங்க? ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பக்கத்துல காணை வரைக்கும் போய்ட்டு வர்றேன். அதுக்கே தேஞ்சிடுச்சுன்னா நீங்க போட்டது டூப்ளிகேட்டு."

"கடை வெச்சதுலேர்ந்து டூப்ளிகேட் போட்டதில்ல சார்."

"அப்ப என்னா, வண்டி தானா எழுந்து நடந்துச்சா?"

மாசிலாமணி ஷூவைத் தரையில் வைத்தார். விழுப்புரத்தில் முப்பது வருஷமாக மெக்கானிக் கடை நடத்துகிறவர். எந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வண்டி சாதாரண வண்டியில்லை. அறுபத்திரண்டாம் வருஷத்துச் சீமை ஸ்போர்ட்ஸ் கார். ரத்தச் சிவப்பு, ரெண்டே ரெண்டு சீட்டு, கூரை என்று சொல்லிக்கொள்ள மேலே ஒரு துணி. மூன்று வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு வயதான டாக்டரிடம் வாங்கினார். ஓடின கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் அப்போதே செத்துப்போயிருந்தது. சவுரிராயன் புதுச்சேரியில் ஒரு சோப்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். காலை ஆறே காலுக்குக் கம்பெனி வேனில் ஏறினால் சாயந்திரம் ஏழரைக்குத்தான் வீடு. காரை வேலைக்கு எடுத்துப் போகலாமே என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், "வெயில்ல நிறுத்தறதா? பெயிண்ட்டு என்னாத்துக்கு ஆவுறது?" என்று பாய்வார். ஆறு நாளும் வண்டி வீட்டுக் கொட்டகையில், போர்வைக்குள்.

அந்த வண்டியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கம்பெனி வேனில் இருக்கிறவர்கள் தூங்குவதுபோல நடிப்பார்கள். "மூணு வருஷத்துல நான் பெட்ரோல் போட்டது ரெண்டே தடவை. முள்ளு பாதிக்குக் கீழ எறங்குனதே இல்ல. அந்தக் காலத்து இஞ்சின்னா சும்மாவா?" என்பார். மறுத்துப் பேச யாருக்கும் தெம்பில்லை.

இத்தனை பெருமையிலும் ஒரு குறை. மனைவி ஜெயம் அந்த வண்டியில் ஏறமாட்டாள். வாங்கின புதிதில் ஒரே ஒரு தடவை அவர் ஓட்ட, காணை வரைக்கும் கூட வந்தாள். இறங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் வர்லீங்க" என்றாள். அவ்வளவுதான். பாவம், பயந்த சுபாவம், வேகம் தாங்கவில்லை என்று இவரே முடிவு கட்டிக்கொண்டார். கல்யாணமாகி இருபது வருஷம். பக்கத்து சீட்டில் அவளை உட்கார வைத்து நாலு பேர் பார்க்க ஒருநாள் ஊர்வலம் போக வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை.

அதற்கு நாளும் வந்தது. பழைய கார்கள் வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஊர்வலம் ஏற்பாடு செய்திருந்தார்கள். நன்றாகப் பராமரித்த காருக்குக் கோப்பை. செலவு சவுரிராயனின் சோப்புக் கம்பெனியுடையது; கோப்பையைக் கம்பெனி மேனேஜரே வந்து கொடுக்கப் போகிறார். சவுரிராயன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தார், கம்பெனி முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார்.

"ஷூவே வேணாம். பின்னாடியும் டிஸ்க் பிரேக் போட்டுடுங்க" என்றார் மாசிலாமணியிடம்.

"முன்னாடி டிஸ்க் இருக்குது. பின்னாடிக்கு டிரம்மு போதும் சார். புது ஷூ போட்டா ஒரு மணி நேர வேலை."

"வீடியோ பார்த்துட்டேன் மாசிலாமணி. ஒரு வெள்ளைக்காரன் அரை மணி நேரத்துல மாட்டிட்டான்."

"அவன் வீடியோவுல மாட்டுனான் சார். நம்ம கடையில மாட்டணும்."

சொன்னால் கேட்கிற ஜாதியா சவுரிராயன்? சென்னை புதுப்பேட்டைக்கே போய், உடைத்த ஏதோ ஒரு ஜப்பான் காரின் பின் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரையும் வாங்கிவந்தார். அந்தக் கேலிப்பர் சீமைக் காரின் அச்சில் உட்கார மறுத்தது. லேத்துப் பட்டறை பச்சைமுத்து இரும்புப் பட்டையில் ஒரு தாங்கி அடித்துக் கொடுத்தார். கரும்பு டிராக்டருக்கு வேலை செய்து பழகின கை. யானையைக் கட்டலாம், அவ்வளவு கெட்டி.

தாங்கி உட்கார்ந்தது. சக்கரம் உட்காரவில்லை. கேலிப்பர் சக்கரத்துக்குள் அடங்காமல் இடித்தது. பெரிய சக்கரம் வாங்கினார்கள். அது மட்கார்டில் உரசியது. பின்பக்கத்தைத் தூக்கினால் உரசாது என்று பச்சைமுத்து வில்பட்டையில் ரெண்டு இலை கூடுதலாகச் சொருகினார். பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்பக்கம் குனிந்து, முட்ட வருகிற கிடா மாதிரி நின்றது வண்டி.

"ஸ்போர்ட்ஸ் கார்னா இப்டித்தான் நிக்கணும்" என்றார் சவுரிராயன். அவர் குரலே அவரை நம்பவில்லை.

ஒரு மாதம் ஓடியது. கம்பெனிக்கு லீவு விட்டிருந்த ஒரு சாயந்திரம் ஜெயம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். அவள் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர்.

"என்னாங்க, வண்டி எப்ப வரும்?"

சவுரிராயனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. "நீயா கேக்கற? வண்டியைப் பத்தி?"

"ஏன், கேக்கக்கூடாதா? பஸ்ஸுல கால் வைக்க எடமில்ல. நின்னுக்கினே போய், நின்னுக்கினே வர்றேன். இடுப்பு வுட்டுப்போச்சு."

"நேத்து வரைக்கும் என்னா, பல்லக்குலயா போய்க்கினு இருந்த? அதே பஸ்ஸுதான? அதுக்கும் என் வண்டிக்கும் என்னா சம்பந்தம்?"

ஜெயம் பையை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் கேட்டாள். இருபது வருஷத்தில் தன் ஆசை ஒன்றில் அவள் இவ்வளவு அக்கறை காட்டியதில்லை என்று சவுரிராயன் உருகிப் போனார்.

வண்டி கடைசியில் ஓடியது. காணைக்கு ஓட்டிப் போனார். பாதி வழியில் பின் சக்கரத்திலிருந்து புகை. மாசிலாமணி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். டிரம்முக்காக எண்ணெய்க் குழாயில் ஒரு வால்வு இருந்ததாம். அது டிஸ்க்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்தார். இப்போது புகையில்லை. ஆனால் பெடலில் காலை வைத்தால் முன் சக்கரத்துக்கு முந்தியே பின் சக்கரம் பிடித்தது.

"இது டேஞ்சர் சார். பின்னாடி போற எண்ணெய்யைக் குறைக்க ஒரு வால்வு வேணும். சொல்லியிருக்கேன், வர பத்து நாளாவும்."

"ஊர்வலம் ஞாயித்துக்கிழமை! பிரேக்கு அதிகமா புடிச்சா நல்லதுதான? புடிக்கலன்னாதான் பேஜாரு."

"அப்பால ஹேண்ட் பிரேக்கும் இல்ல. புதுப்பேட்டை கேலிப்பர்ல அந்த வசதி கிடையாது."

அதற்கும் சவுரிராயனிடம் வழி இருந்தது. ஒரு மரக்கட்டையைச் சீவி ஆப்பு செய்து, அதற்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்.

சனிக்கிழமை சாயந்திரம் ஜெயம் கொட்டகைக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே குனிந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஹேண்ட் பிரேக்கு எங்கங்க?"

"எடுத்தாச்சு. ஆப்பு இருக்குது."

"ஐயையோ! மேட்டுல நிறுத்தி எடுக்கணும்னா?"

சவுரிராயன் விழுந்து விழுந்து சிரித்தார். "மேட்டுல வண்டி எடுக்கறதைப் பத்தி உனக்கு என்னாடி கவலை?"

"பின் சக்கரம் முதல்ல நின்னா வண்டி சுத்திடுங்க. உராய்வு பாடத்துலயே இருக்குது."

"அதையெல்லாம் ஏழாங்கிளாஸ் புள்ளைங்களுக்குச் சொல்லு. நாளைக்கு நீ என்கூட வர்ற. நான் எங்க நிறுத்தறனோ, ஜல்தியா எறங்கி ஆப்பை வெக்கற. அது போதும்."

மறுப்பாள் என்று நினைத்தார். மறுக்கவில்லை. வண்டியின் கதவை ஒருமுறை தடவிவிட்டு, "வர்றேன்" என்றாள். சவுரிராயனுக்குக் கண் கலங்கியது. கோப்பை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மறு நொடியே கோப்பையும் வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை பதினெட்டுக் கார்கள் விழுப்புரத்தில் புறப்பட்டன, சவுரிராயனின் சிவப்புக் கார் எல்லாவற்றுக்கும் முன்னால். ஜெயம் பட்டுப்புடவையில், மடியில் சிவப்பு ஆப்போடு உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டியதும் வழியெல்லாம் ஒரே மரியாதை. டீக்கடைக்காரர் கும்பிட்டார். பெட்ரோல் பங்கில் இருந்தவர்கள் கை ஆட்டினார்கள். வறுத்த மல்லாட்டை விற்கிற அம்மா எழுந்து நின்று சிரித்தாள்.

"பார்த்தியா ஜெயம்? இந்த ரோட்டுல நான் வண்டி ஓட்டிக்கினு வர்றதே இதான் முதல் தடவை. அதுக்குள்ள என் வண்டி பேரு எங்க வரைக்கும் பரவியிருக்குது பாரு!"

ஜெயம் தலையைக் குனிந்துகொண்டாள். பட்டிக்காட்டு வெட்கம் என்று அவர் நினைத்தார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தெரிந்தது. காத்திருந்த கூட்டத்தில் கேமராவும் மேனேஜரும் தெரிந்தார்கள். இங்கே நிறுத்திப் படம் எடுத்த பிறகுதான் கார்கள் மேலே போகும். கண்ணாடி ஓரத்தில் டோல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எப்பவாவது உதவும் என்று ஜெயம் என்றைக்கோ வாங்கி ஒட்டியது. இன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்திருக்கிறது என்று சவுரிராயன் எண்ணிக்கொண்டார்.

"மெதுவா மிதிங்க. விட்டு விட்டு மிதிங்க" என்றாள் ஜெயம் தாழ்ந்த குரலில்.

"எனக்கே கத்துத் தர்றியா?"

கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரே மிதியாக மிதித்தார்.

பின் சக்கரம் ரெண்டும் கல்லாக நின்றன. வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் வலதுபுறமாக வீசிக்கொண்டு வந்தது, சுங்கச்சாவடி போனது, கரும்புக்காடு வந்தது, பின்னால் வந்த பதினேழு கார்களின் முகமும் எதிரே வந்தது. டயர் நாற்றமும் புகையும் அடங்கியபோது சிவப்புக் கார் யார்மேலும் படாமல், விழுப்புரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. இஞ்சின் அணைந்துவிட்டது. மேனேஜர் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தார்.

வண்டி மெல்ல உருள ஆரம்பித்தது. ஜெயம் குதித்து இறங்கி ஆப்பைச் சக்கரத்தில் வைத்தாள். சவுரிராயனின் கை ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. மானம் போச்சு, கோப்பை போச்சு, இவள் எதிரிலேயே எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

சுங்கச்சாவடிச் சீருடையில் ஒரு பெண் ஓடி வந்தாள். சட்டையில் கலைப்பிரியா என்று பெயர் இருந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்று சொல்ல சவுரிராயன் வாயைத் திறந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜெயத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடி ஒண்ணும் படலியே டீச்சர்? மூணு வருஷமா டெய்லி நீங்களே இந்த வண்டியை ஓட்டிக்கினு வந்து கோட்டுல கரெக்ட்டா நிறுத்துவீங்க, இன்னிக்குப் போயும் போயும் இந்த டிரைவரை எங்க புடிச்சீங்க?"