பேச்சுத்துணைக்கு ஒரு வீடு

மழைக்கு ஒதுங்க வீடு வாங்குவார்கள். ஊரார் மெச்ச வேண்டும் என்று வாங்குவார்கள். பெண்டாட்டி தன்னோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காக வீடு வாங்கக் கிளம்பிய மனுஷன், கோலாலம்பூர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும், பிரிக்ஃபீல்ட்ஸ் கன்னையா ஒருவர்தான்.

கன்னையா ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. விடியும் முன்னே வேலைக்குப் போனால் நாள் முழுக்க ரப்பர் பொதியும் ஈயக்கட்டியும்தான் கதி. அங்கே அவர் பேசும் பேச்சு இரண்டு வகை. கூலிகளிடம் அதட்டல், துரையிடம் 'எஸ் சார்'. இரண்டுக்கும் பதில் பேச்சு வராது. ஆகவே சாயங்காலம் வீடு திரும்பும்போது யாராவது தன்னோடு பேசமாட்டார்களா என்று மனசு ஏங்கும். வீட்டில் ஆள் இருந்தாள். பெயர் தனலெட்சுமி. அவள் வாயில்லாப் பூச்சியும் இல்லை. வாய் இருந்தது, நன்றாகவே இருந்தது. அது வேறு பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த மரவீட்டு வரிசையில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தனலெட்சுமி வெங்காயம் உரித்தால் அந்தப் பக்கம் காத்தூன் பீவிக்குக் கண் கலங்கும். காத்தூன் பீவியின் வீட்டுக்காரர் மைதீன் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு தோட்டம் தோட்டமாக வியாபாரத்துக்குப் போகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிறகென்ன? காலையில் தொடங்கும் பேச்சு விளக்கு வைத்த பிறகும் ஓயாது. நடுவில் கன்னையா வந்தால் ரயில் கேட்டில் நிற்கும் மாட்டுவண்டியைப் போலப் பேச்சு சற்று நிற்கும். அவர் கடந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும்.

அவரும் முயன்று பார்க்காமல் இல்லை.

"தனம், இன்னிக்கு யார்டுல ஒரு வேடிக்கை. ஒரு எருமை வந்து தண்டவாளத்துல..."

"படுத்துக்கிச்சு. துரை தொப்பியைக் கழட்டி விரட்டினாரு. தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பீவியக்கா சொன்னாங்க. சாப்பிடுங்க, ஆறுது."

தன் ஆபீஸ் சேதிகூடத் தன் வீட்டுக்குத் தனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுகிறதே என்று கன்னையா சோற்றைப் பிசைந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து தனலெட்சுமியும் சிரித்தாள். என்ன விஷயம் என்று கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. இருப்பதே இரண்டு பேர். அந்த இரண்டு பேர் நடுவில் தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றும். மோர் கேட்பார்.

நியாயமாகச் சொன்னால், கல்யாணமான புதிதில் அவள் பேசத்தான் வந்தாள். அப்போது ஐயா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். 'உஷ்' என்றார். அவள் போய்விட்டாள். ஐயா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பல வருஷம் கழிந்திருந்தது.

ஆகவேதான் அந்த மகா தீர்மானம். பக்கத்து வீடே இல்லாத ஒரு வீட்டை வாங்கிவிடுவது! அங்கே அவளுக்குப் பேச வேறு நாதி ஏது? சுவரோடா பேசுவாள்? தன்னோடுதான் பேசியாக வேண்டும்.

வீடும் கிடைத்தது. கிள்ளானைத் தாண்டி, மேருவுக்குப் போகும் ரோட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. கட்டியவர் பழனியப்பன் என்ற காண்ட்ராக்டர். அவருக்கு இரண்டு சம்சாரம். மூத்தவளுக்கு முன்கட்டு, இளையவளுக்குப் பின்கட்டு, அடித்துக்கொள்ளாமல் இருக்கத் தனித்தனி அடுப்படி என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார். குடிவந்த மாதமே இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள். இப்போது இருவரும் சேர்ந்து ஊருக்குப் போய்விட்டார்கள்; மனுஷன் பந்திங்கில் ஒரு கடைமாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். இந்தக் கதையைக் கேட்டுக் கன்னையா 'ஐயோ பாவம்' என்றார். அதற்கு மேல் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவர் கண் சுற்றுவட்டாரத்தை அளந்துகொண்டிருந்தது. எட்டிய மட்டும் மனித வாடையே இல்லை. பார்க்கப் பார்க்கப் பரம சந்தோஷம்.

அன்று மாலையே விஷயத்தை உடைத்தார்.

"தனம், ஒரு வீடு பாத்திருக்கேன். சொந்தமா வாங்கிரலாம்னு."

அகப்பை நின்றது. தனலெட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி முழுசாகப் பார்த்து எவ்வளவு காலம்! வீடு கிடைக்காவிட்டாலும் இது போதும் என்றிருந்தது அவருக்கு.

"எங்க?"

"கிள்ளான். மேரு ரோட்டுல. நல்ல காத்தோட்டம்."

"பக்கத்து வீட்ல யாரு?"

"பக்கத்து வீடுன்னா... கொஞ்சம் தள்ளி."

"கொஞ்சம்னா?"

"ஒரு ரப்பர் தோட்டம் தள்ளி."

"யா அல்லா! ரப்பர் தோட்டமா?" என்றது தடுப்பு.

அழுகை வரும், சண்டை வரும், நாலு நாள் சோறு வராது என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார் கன்னையா. ஒன்றும் வரவில்லை. தனலெட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கே கிசுகிசுவென்று பேச்சு. உரக்கப் பேசியே பழகிய இரண்டு பேர் குரலைத் தாழ்த்தினால் யாரும் உஷாராகிவிட வேண்டும். நம்மவர் ஆகவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வந்தாள்.

"வாங்கலாங்க."

"என்னது?"

"வீட்டை வாங்கலாம்னேன். ஆனா சொந்த வீடு, கண்ணை மூடிக்கிட்டு வாங்க முடியுமா? மராமத்துல இருந்தாரே கார்த்திகேசு ஓவர்சியர், அவரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். கூரை, கெணறு, கடைக்கால் எல்லாம் முறைப்படி பாத்துச் சொல்லுவாராம். இப்ப வீடு வாங்குறவங்க எல்லாம் அவரைத்தான் கூப்பிடுறாங்களாம்."

"கூப்பிட்டாப் போச்சு."

"அவர் வாங்குன்னா வாங்கணும், வேணாம்னா விட்டுரணும். எப்படிக் குடியிருக்கணும்னு சொல்றாரோ அப்படித்தான் இருக்கணும். பெறகு மாத்திப் பேசக்கூடாது."

"பேசமாட்டேன்."

"பீவியக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல?"

"கேட்டுக்கிட்டேன், கேட்டுக்கிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினார்கள். தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஏதாவது காட்டிக் காட்டிப் பேசலாம் என்று கன்னையா சட்டைகூடச் சலவை செய்து போட்டிருந்தார். "துணைக்கு" என்று காத்தூன் பீவியும் ஏறிக்கொண்டாள். அவருக்குக் கிடைத்தது எதிர்ப் பலகை, பக்கத்தில் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்து மனுஷர். வெள்ளைக் கோட்டு, மடியில் தோல்பை. ஒரு வீட்டைப் பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்பது அவருடைய தொழில் தர்மம். எதிரே ஓயாத பேச்சு, பக்கத்தில் பேசா மூர்த்தி. கன்னையா ஜன்னலுக்கு வெளியே ஒரு கொக்கைப் பார்த்தார். அழகான கொக்கு. யாரிடம் சொல்வது?

வீட்டை அடைந்ததும் ஓவர்சியர் வேலையில் இறங்கினார். தூண் தூணாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கதவு நிலையில் ஊசியைக் குத்திப் பார்த்தார். சுவரை முகர்ந்தார். தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு அது உருளுமா என்று குனிந்து காத்திருந்தார். கூரையில் எங்காவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று ஒவ்வொரு அறையிலும் மல்லாந்து படுத்தார். கன்னையா பின்னாலேயே போனார். "எப்படிங்க? உறுதிதானே?" ஓவர்சியர் கிணற்றடிக்கு நடந்தார். கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து விழுங்கினார். "இனிப்பா இருக்கா?" ஓவர்சியர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக அவரே பேசினார்.

"ஐசே, நீர் உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டுக் கத்தும். நான் ரோட்டில நிண்டு கேக்கிறன்."

"என்னன்னு கத்த?"

"உமக்கு வாயில வாறதைக் கத்தும்."

கன்னையா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். காலி அறை. என்ன கத்துவது? வாயில் ஒன்றுதான் வந்தது.

"தனம்!"

சத்தம் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

"தனம்! அடியே தனம்!"

கூப்பிடக் கூப்பிட அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. சோதனைக்குக் கத்துகிறோம் என்பது மறந்து நிஜமாகவே கூப்பிட ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரும் வரவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் தனலெட்சுமி பின்கட்டுக் கிணற்றடியில் காத்தூன் பீவியோடு உட்கார்ந்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓவர்சியர் திரும்பி வந்து எல்லாரையும் முற்றத்தில் கூட்டினார்.

"வீடு நல்ல வீடு. வைரம் பாய்ஞ்ச மரம், கறையான் இல்லை, கூரை ஒழுகாது, தண்ணி அமிர்தம். வாங்கலாம்."

கன்னையா துள்ளினார். "கேட்டியா தனம்? கேட்டியா?"

"பொறும். இன்னும் முடியேல்லை. நீர் கத்தினது எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை."

"அதுதானே இதுல விசேஷமே!"

"விசேஷமில்லை ஐசே, குறை. நெருப்பு, பாம்பு, கள்ளன், எது வந்தாலும் ஆர் வருவினம்?"

தனலெட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப ராத்திரியில நான் தனியா இருக்கலாங்களா?"

"நீ ஏன் தனியா இருக்கப்போறே? நான் எங்க போயிட்டேன்?" என்றார் கன்னையா.

கார்த்திகேசு அவர் பக்கம் திரும்பினார். "உமக்கு வேலை எத்தனை மணிக்கு?"

"விடியறதுக்கு முன்னாடியே யார்டுல நிக்கணும்."

"இஞ்சையிருந்து முதல் ரயில்?"

கன்னையா வாயைத் திறந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிறைக்குப் போகும் வண்டி எப்போது, சிரம்பானுக்குப் போகும் வண்டி எப்போது என்று ஒப்பிக்கக்கூடிய மனுஷர். அடுத்தவர்களுக்கு நேரம் சொல்லியே பழக்கம்; தனக்கென்று ஒரு ரயிலை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார். முகம் வெளுத்தது.

"முதல் வண்டி போய்ச் சேர... விடிஞ்சு வெயிலே வந்துரும்."

"அப்ப நீர் கோலாலம்பூரிலதான் தங்க வேணும். ஞாயிறு ஞாயிறு வாரும்."

"அட, இது எனக்குத் தோணவே இல்லீங்களே!" என்றாள் தனலெட்சுமி. காத்தூன் பீவிக்கு ஏனோ இருமல் வந்தது.

"பிள்ளை தனிய இருக்கக்கூடாது," என்றார் ஓவர்சியர், தனலெட்சுமியைக் காட்டி. "பின்கட்டு சும்மா கிடக்குது. தனி அடுப்படி, தனி வாசல். கூப்பிட்டாக் கேக்கிற மாதிரி ஒரு நல்ல குடும்பத்தைக் குடி வையும்."

"நல்ல குடும்பத்துக்கு நான் எங்கய்யா போவேன்?" என்று கேட்டுவிட்டார் கன்னையா. கேட்டிருக்கக்கூடாது.

இரண்டு பெண்களும் தரையைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் மேரு, பந்திங்னு தோட்டத்துக்கெல்லாம் துணி கொண்டுபோக இந்த எடந்தான் தோதாம், அண்ணே," என்றாள் காத்தூன் பீவி. "ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டிருக்காரு."

"இந்த வீடு வேணாம்! தண்ணி உப்பு!" என்று அலறினார் கன்னையா.

"ஆர் சொன்னது? குடிச்சது நான்."

"கூரை..."

"கூரைக்கு நான் பொறுப்பு."

"மாத்திப் பேசமாட்டேன்னீங்களே," என்றாள் தனலெட்சுமி, வருத்தமாக.

வீடு வாங்கியாயிற்று. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பின்கட்டில் மைதீன் குடும்பமும் வந்து இறங்கியது. பிரிக்ஃபீல்ட்ஸில் கன்னையாவுக்கு ஒண்டிக்கட்டைகள் தங்கும் குவாட்டர்ஸில் ஒரு அறை கிடைத்தது.

அவர் புறப்பட வேண்டிய ஞாயிறு மாலை. சொந்த வீட்டு வாசற்படியில், பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனலெட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசத் தொடங்கினாள்.

பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். மூச்சு விடாமல், கையை ஆட்டி, அவர் முகத்தையே பார்த்துப் பேசினாள். பின்கட்டிலிருந்து கூப்பிட்டபோதுகூட "இருங்கக்கா, இவர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள். கன்னையாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் இதையெல்லாம்? சிரிக்கும்போது அவள் இடது கன்னத்தில் விழும் குழியை மறந்தே போயிருந்தார். மூக்குத்தி மின்னியது. இந்தப் பேச்சுக்காக இன்னொரு வீடுகூட வாங்கலாம் போலிருந்தது.

"...புளியை ரொம்பக் கரைச்சிராதீங்க. நுரை கட்டினதும் எறக்கிரணும், கொதிக்க விட்டீங்கன்னா ரசம் கெட்டுப்போச்சு. பெறகு சோறு வடிக்கிறப்ப கஞ்சி கையில கொட்டிக்காதீங்க. பருப்பு எப்பப் போடணும்னு சொன்னேன்?"

கன்னையா விழித்தார்.

"சொல்லுங்க. பருப்பை எப்பப் போடணும்?"

"தனம், நீ பேசறப்ப..."

"பருப்பைக் கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தனலெட்சுமி பெருமூச்சு விட்டு எழுந்து பின்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"பீவியக்கா! செத்த இப்படி வாங்க. நான் சொன்னா இவருக்கு ஏற மாட்டேங்குது, நீங்களே சொல்லிக் குடுங்க."