தலையில் தடவிய பீர்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலை. புதுச்சேரிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் செஞ்சிக்குத் திரும்ப வேண்டும்.

வேன் ஏற்பாடு செய்தவர்கள் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். பழைய துறைமுக நகரம், கூடவே விளக்கிச் சொல்ல ஆள், மதியச் சாப்பாடு. கடைசி வரியில், 'பீர் ருசி பார்க்கலாம்.'

வீட்டில் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். எம்.ஏ. வரை படித்ததில், எதைப் படிக்காமல் விடுவது என்பதும் சேர்த்திதான்.

காரணம் உண்டு. என் மகன் செந்தில் குடியை விடுவதாகக் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. மருமகள் மாலதி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

"அத்தே, இன்னொரு வாட்டி இந்த வூட்ல அந்த நாத்தம் வந்துச்சுன்னா எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். அப்புறம் கூப்புட வராதீங்க."

சொன்னால் செய்கிறவள். துணிப்பை இன்னும் கட்டிலுக்கு அடியில் தயாராகத்தான் இருக்கிறது.

பிறகு நான் ஏன் போனேன்? என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டில் பீர் குடிப்பார். ஒரு வாய் கேட்டால், "கசக்கும், உனக்கு எதுக்கு?" என்பார். முப்பத்தாறு வருஷம் அதே பதில். அவர் போய் நாலு வருஷமாகிறது. கசக்குமா இல்லையா என்று தெரியாமலே நானும் போய்விடுவேனோ என்றிருந்தது.

"அந்தக் காலத்துல இங்கருந்துதான்மா கப்பல் கப்பலா துணி போச்சு" என்று கடலைக் காட்டினார் கூட வந்த வழிகாட்டி. கடலில் ஒன்றுமே இல்லை. போய்விட்டதைக் காட்டுவதற்கும் ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மதியம் ஒரு குளிர்ந்த அறை. "எல்லாரும் வரிசையா நில்லுங்க. ஆளுக்கு ஒரு வாய்தான்" என்றார் வழிகாட்டி.

வரிசை. எதிரில் மூக்கு நீண்ட ஜாடியுடன் ஒருவர். ஒரு வாய்.

என் கை தானாக நீண்டது. வலது உள்ளங்கையைக் குழித்து, கீழே இடது கையைக் கொடுத்து, தலை குனிந்து நின்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு ஊற்றினார். உறிஞ்சினேன். மிச்சத்தை, அறுபது வருஷப் பழக்கம், உச்சந்தலையில் தடவிக்கொண்டேன்.

கண்ணாடித் தம்ளர்கள் பக்கத்து மேசையில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற அவலூர்பேட்டை எண்ணெய்க்கடை அம்மாவும் என்னைப் பார்த்து அப்படியே செய்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும்.

ஆறு வகை. ஆறு தடவை.

கசந்தது. அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காற்றாடிக்கு அடியில் உட்கார்ந்தேன். அதே நேரம் செந்திலும் வேலை முடிந்து உள்ளே வந்தான். சமையலறையிலிருந்து மாலதி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னா நாத்தம் இது?"

அவள் பார்வை நேராக அவன்மேல் போனது.

"ஏய், நான் டீ கூட குடிக்கல இன்னிக்கு."

"ஊது."

ஊதினான்.

"பாக்கு போட்டு மறைச்சுட்டு வந்துருக்கே. இந்த வூடே நாறுது." துணிப்பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள்.

செந்தில் மணிக்கட்டுக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு மாதமாகக் காப்பாற்றியது.

"மாலதி, அவன விடு" என்றேன். "என் தலைய மோந்து பாரு."

மோந்து பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை.

"தலைக்கு எப்படி அத்தே?"

கையைக் குழித்துக் காட்டினேன். செந்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

மாலதி சிரிக்கவில்லை. பையைக் காலால் உள்ளே தள்ளினாள். "வெள்ளிக்கிழமை காலைல குளிச்சுட்டு ரெடியா இருங்க" என்றாள்.

இப்போது என் கையிலும் ஒரு கயிறு. தினமும் காலையில் காபியைக் கொடுக்கும்போது செந்தில் விசாரிக்கிறான்:

"இன்னாம்மா, கை கிய் நடுங்குதா?"