நான் விழவில்லை, தூக்கப்பட்டேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நமது குடியிருப்புச் செய்தி மடலின் இம்மாத இதழில், விளையாட்டு வீரர் பாராட்டு விழாவில் நான் மேடையிலிருந்து தவறி விழுந்ததாக அச்சிட்டிருக்கிறீர்கள். காய்கறிக் கடையிலும் அதே பேச்சு. நான் விழவில்லை. தூக்கப்பட்டேன். பிறகு முறைப்படி இறக்கி வைக்கப்பட்டேன். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு விநாடிகள் உங்கள் எல்லோரையும்விட உயரத்தில் இருந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வீரர்களை அறிமுகப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கான்வென்ட்டில் படித்த எனக்கு எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும் என்பது தெரியும். நூற்றிருபது வீடுகளுக்குள் இத்தனை வீரர்களா என்று படிக்கும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. தபால்காரம்மா நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தவர். அன்றும் மேடைக்கு ஓடித்தான் வந்தார். இடக்கைத் தையல்காரர் மேசைப்பந்தில் தன் வயதில் பாதி உள்ளவர்களை அழவைத்தவர். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் நீச்சலில் இரண்டு கோப்பை வாங்கியவர். அந்த வேகத்தைச் சாலையில் காட்டாதது அவருடைய இன்னொரு சாதனை. ஒவ்வொருவருக்கும் கைதட்டல் ஓய்வதற்குள் பெயின்டர் மேடைப் பலகையில் பெயரையும் சாதனையையும் எழுதி முடித்தார். கடைசி வரி பிளம்பரின் மகளுக்கு. பளுதூக்குதலில் அறுபத்தைந்து கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவள். அங்கேதான் சங்கச் செயலாளர் எழுந்து வந்து பெயின்டரின் கையைப் பிடித்தார்.

"சர்டிபிகேட் எங்கம்மா?"

"பைப் ஒழுகி நனைஞ்சு கிழிஞ்சுபோச்சு சார்."

"பிளம்பர் வீட்டுலயா?"

அரங்கமே சிரித்தது. பிளம்பர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெடல் இருக்கு சார்."

"மெடல் கடையிலயும்தான் கிடைக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவருக்குப் போட்டிருந்த மரநாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "தூக்கு" என்றேன்.

"ஆன்ட்டி, உங்களையா?"

"வேற யாரு, செயலாளரையா? அவரு பதவி நாற்காலியை விட்டு எழுந்திரிக்க மாட்டாரு. தூக்கும்மா."

நாற்காலிக் கால்களைப் பற்றினாள். மார்பு வரை ஒரு மூச்சு, தலைக்கு மேல் ஒரு மூச்சு. நிறுத்தியிருந்த மின்விசிறியின் இறக்கைகளில் எவ்வளவு அழுக்கு என்பதை அங்கிருந்துதான் கண்டேன். அதைப் பற்றித் தனிக் கடிதம் வரும். கீழே தையல்காரர் விசிலடித்தார். பிளம்பர் அழுதார். சிரித்த வாய்களெல்லாம் திறந்தபடியே நின்றன.

அவள் என்னை இறக்கி வைத்த பிறகும் செயலாளர் விடவில்லை. "உங்க எடை என்னம்மா?" என்று கேட்டார். ஒரு பெண்ணிடம், அதுவும் மைக்கில். "ஐம்பத்திரண்டு" என்றேன். நாற்காலி ஆறு.

"மொத்தம் ஐம்பத்தெட்டு. அப்ப போர்டுல ஐம்பத்தெட்டுன்னுதான் போட முடியும்."

"அறுபத்தஞ்சு இல்லன்னா என் பேரே வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் என் காதருகே குனிந்தாள். "ஆன்ட்டி, தூக்குன கைக்குத் தெரியும். நீங்க ஐம்பத்திரண்டு இல்ல."

கை வலுவாக உள்ளவர்களுக்குக் கணக்கு சற்று வலுக்குறைவாக இருப்பதுண்டு. ஐம்பத்திரண்டு என்பது நான் கான்வென்ட்டை விட்டு வந்த ஆண்டில் சிஸ்டர் தம் கைப்பட எழுதிய எண். அதை மாற்றச் சொல்லி இதுவரை எவரும் எனக்கு எழுதவில்லை.

பலகையின் கடைசி வரி இன்னும் காலியாக இருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, "விழுந்தார்" என்பதைத் "தூக்கப்பட்டார்" என்று திருத்தி முதல் பக்கத்தில் வெளியிடவும்.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் நிமிர்ந்த முதுகும் தெளிந்த பார்வையும் நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
மாடி வீட்டம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மருந்துக்கடை எடை இயந்திரத்தில் ஏறினேன். அறுபத்து மூன்று. செருப்பைக் கழற்றினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். அறுபத்து மூன்று. நாற்காலியோடு அறுபத்தொன்பது, அவள் தங்கம் வாங்கியதைவிட நான்கு கிலோ அதிகம். கணக்கைப் பற்றி மேலே எழுதிய வரியை அடித்துவிடவும், வலுக்குறைவு என்னுடையது. மருந்துக்கடைக்காரர் கையெழுத்திட்ட எடைச் சீட்டை இணைத்திருக்கிறேன். என் எடையை முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் அச்சிடலாம். செயலாளருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. பலகையில் பிளம்பர் மகளின் பெயருக்கு நேரே அறுபத்தொன்பது என்று எந்தத் தேதியில் எழுதப்படும் என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்.