அட்டை மலையும் அலசல்காரரும்

உலகத்தில் முடிவெடுப்பவர்கள், முடிவெடுக்காதவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், உங்களுக்கு அலசல்காரரைத் தெரியாது. அவர் முடிவெடுக்காதவர் அல்லர். முடிவெடுப்பதற்காகவே ஊண் உறக்கமின்றி உழைப்பவர். முடிவின் வீட்டு வாசல் வரை போய்விடுவார். கதவைத்தான் தட்டமாட்டார்.

இந்த இனம் எங்கும் வாழும். செருப்புக் கடையில் ஒரு காலில் ஒரு ஜோடியும் மறுகாலில் இன்னொரு ஜோடியுமாக நடந்து பார்ப்பவரைக் கண்டிருப்பீர்கள், அது குட்டி. முழு வளர்ச்சி அடைந்த ஒன்றைக் காண வேண்டுமா? ஒரு தொழிலிடத்துக்கு இயந்திரம் வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்படித்தான் கொடுத்தார்கள். பீங்கான் தட்டுகளையும் கண்ணாடிக் குவளைகளையும் மொத்தமாக விற்கும் கிடங்கு அது. அவருடைய அண்ணன் சரக்குப் பிடிக்க ஊர் ஊராகச் சுற்ற, கிடங்கை நடத்துபவர் அண்ணி. சரக்கு பெரிய அட்டைப் பெட்டிகளில் வரும், சின்னப் பெட்டிகளில் போகும். காலியான பெரிய பெட்டிகள் பின்கட்டில் சேரும். ஒரு நாள் அண்ணி கொழுந்தனைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த அட்டையை எல்லாம் அமுக்கிக் கட்டுற மிஷின் இருக்காமே. கட்டிக் குடுத்தா பழைய காகிதக்காரங்க மறுசுழற்சிக்கு எடுத்துக்கறாங்களாம். நல்ல கம்பெனியா பார்த்து வாங்கிடுங்க."

"என்கிட்ட விட்டுடுங்க அண்ணி."

விட்டார். அதுதான் வினை.

முதல் கம்பெனிக்காரர் வந்தார். அலசல்காரர் இயந்திரத்தின் படத்தைப் பார்க்கும் முன் கம்பெனியின் குலம் கோத்திரத்தை விசாரித்தார். எத்தனை தலைமுறையாக இந்தத் தொழில்? முதலாளிக்கு எத்தனை பிள்ளைகள்? அவர்களுக்குள் ஒற்றுமை உண்டா? நாளைக்குப் பாகம் பிரித்துக்கொண்டு போனால் உதிரிப் பாகம் யார் பங்கில் வரும்? பிறகு கம்பெனிக்கே போய், இயந்திரத்தைப் பானை வாங்குகிறவரைப் போலச் சுண்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, அடியில் குனிந்து, நிமிர்ந்து, கண்ணை மூடி, "ம்ம்ம்..." என்றார். அந்த "ம்ம்ம்"மை நம்பி விற்பனைக்காரர் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் நல்ல செய்தி சொல்லிவிட்டார் என்று கேள்வி. பாவம், அவர் இந்தத் தொழிலுக்குப் புதிது.

"எல்லாம் சரிதான்," என்றார் அலசல்காரர். "இன்னொருத்தரையும் பார்த்துடுவோம்."

இதுதான் இந்த இனத்தின் கூவல். குயிலுக்குக் கூ, இவருக்கு இது.

இன்னொருத்தர் வந்தார். அமுக்குகிற பலம்தான் முக்கியம் என்று அவர் ஓதிவிட்டுப் போனார். அடடா, முதல் ஆளிடம் அதைக் கேட்கவில்லையே! திரும்ப முதல் ஆள். மூன்றாமவர் வந்து, பலம் கிடக்கட்டும், தானாகவே கயிறு கட்டுமா என்று பாருங்கள் என்றார். திரும்ப முதல் ஆள், திரும்ப இரண்டாம் ஆள். நான்காமவர் சத்தத்தைப் பற்றிப் பேசினார். ஐந்தாமவர் நிறத்தைப் பற்றி. இப்படியே போனால் செக்குமாடு கூட ஒரு கட்டத்தில் உட்கார்ந்துவிடும், நம்மவர் உட்காரவில்லை.

அட்டையும் உட்காரவில்லை. முழங்காலுக்கு இருந்தது இடுப்புக்கு வந்தது, இடுப்புக்கு இருந்தது ஜன்னலை மூடியது. கணக்குப்பிள்ளையின் மேஜை ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனது. அதன் பிறகு அவருடைய குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. போன் பேசுவதற்காக மலைக்குப் பின்னால் ஒதுங்கிய விற்பனைக்காரர் ஒருவர் வெளியே வரும்போது தாடி வளர்ந்திருந்ததாகச் சொல்வார்கள். தாடியை நான் பார்க்கவில்லை. மலையைப் பார்த்தேன். அதில் கால்வாசி, கம்பெனிகள் இவருக்கு அனுப்பிய மாதிரிப் பாகங்கள் வந்த பெட்டிகள்.

அப்போதுதான் தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார்.

"பின்வாசல் எங்கேம்மா?"

அண்ணி கையை நீட்டினார். "அதோ, அங்கே சார்."

"அட்டைதான் தெரியுது. வாசல் எங்கே?"

"அட்டைக்குப் பின்னாடி சார்."

"தீப்பிடிச்சா ஜனங்க அட்டையை விலக்கிட்டா ஓடுவாங்க? திங்கட்கிழமை வருவேன். வாசல் தெரியணும். இல்லேன்னா கிடங்கைப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

அடுத்த வாரம்தான் ஒரு பெரிய ஓட்டலுக்குத் தட்டு முழுவதும் அனுப்ப வேண்டும். பூட்டு விழுந்தால் ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். பொட்டலம் கட்டும் பெண்கள் வேறு வேலையைப் பார்க்க வேண்டும். அண்ணி கொழுந்தனிடம் வந்தார்.

"தம்பி, எந்த மிஷின்?"

"நெருங்கிட்டேன் அண்ணி. கடைசியா ரெண்டுல வந்து நிக்குது."

"ரெண்டுல எது?"

"அவசரப்பட்டா எப்படி அண்ணி? இன்னொருத்தர் இன்னிக்கு வர்றாங்க. அவங்களையும் பார்த்துட்டா..."

வந்தது ஒரு பெண் இன்ஜினியர். கையில் படப் புத்தகம் இல்லை, அளவு நாடா இருந்தது. அலசல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பெனியின் பூர்வீகத்தை ஆரம்பிப்பதற்குள் அந்தப் பெண் கேட்டாள்.

"சார், ஒரு நாளைக்கு எவ்வளவு அட்டை சேருது?"

அலசல்காரர் தன் குறிப்பு நோட்டைப் புரட்டினார்.

"காய்ஞ்சதா, நனைஞ்சதும் வருமா?"

இன்னும் நாலு பக்கம் புரட்டினார்.

"மூணு ஃபேஸ் கரண்ட் இருக்கா? கட்டினதை எடுத்துட்டுப் போக யார்கிட்ட பேசியிருக்கீங்க?"

நம்மவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கூரையைப் பார்த்தார். ஊரில் உள்ள அத்தனை இயந்திரங்களின் இரும்புத் தகடும் எத்தனை தடிமன் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்பவர், தன் வீட்டுக் குப்பையை ஒரு நாள் குனிந்து பார்த்ததில்லை. மாப்பிள்ளைகளை எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. வீட்டில் பெண் இருக்கிறதா என்றுதான் பார்க்கவில்லை!

அந்தப் பெண் மலையை ஒரு நோட்டம் விட்டு, முன்வாசலை அளந்தாள். தம்பி இரண்டு இயந்திரத்தில் வந்து நிற்கும் கதையை அண்ணி சொன்னார். பிறகு, "கடைசியா நிக்கிற ரெண்டும் எது சார்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் இருமினாள். சிரிப்பை அடக்கும் இருமல்.

"ரெண்டுமே நல்ல மிஷின்தான். ஆனா ரெண்டும் இந்த வாசல்ல நுழையாது சார்."

அண்ணி அதற்கு மேல் காத்திருக்கவில்லை. "நுழையற மாதிரி உங்ககிட்ட இருக்காம்மா?"

"சின்னது இருக்கு மேடம். உங்களுக்கு அதுவே தாராளம். வாடகைக்கு எடுத்துப் பாருங்க, ஒத்துவந்தா வாங்கிக்கலாம்."

"ரிப்பேர் ஆனா?"

"நான்தான் வருவேன். இதே ஊர்தான்."

"நாளைக்கே கொண்டு வந்துடுங்க."

"அண்ணி!" என்று அலறினார் அலசல்காரர். "இன்னொருத்தரையும்..."

"பார்க்கலாம் தம்பி, தாராளமா பார்க்கலாம். முதல்ல அந்த அட்டையோட ஒரு முனையைப் பிடிங்க."

சனியும் ஞாயிறும் இயந்திரம் தின்றது. மலை கட்டுக் கட்டாக, அண்ணி வரச் சொன்ன பழைய காகிதக்காரரின் லாரியில் ஏறியது. ஞாயிறு மாலை கணக்குப்பிள்ளை மேஜையோடு மீட்கப்பட்டார். திங்கட்கிழமை அதிகாரி பின்வாசலைத் திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அந்த வழியாகவே இறங்கிப் போனார். ஓட்டலுக்குத் தட்டும் போயிற்று.

அலசல்காரர் திருந்தினாரா? நல்ல கேள்வி கேட்டீர்கள். இயந்திரம் வந்த மறுநாளே அதன் அருகில் நின்று, "நாங்க எடுத்தாச்சு சார், இருந்தாலும் உங்களோடது எப்படின்னு சும்மா தெரிஞ்சுக்கத்தான்," என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய கட்சி வேறு: பிழை இயந்திரத்தில் இல்லை, வாசலில் இருக்கிறது. வாசலை அகலப்படுத்தக் கதவு செய்கிறவர்கள் சிலரை வரச் சொல்லியிருக்கிறார். முதல் ஆள் வந்து போய்விட்டார். எல்லாம் சரிதானாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். போன வருஷம் வாங்கப் போன அந்த மின்விசிறி, மூன்று கடை ஏறி இறங்கி, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, மச்சானைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் வியர்த்துக் கொட்ட, கடைசியில் என்ன ஆயிற்று? இந்த இனத்தில் நீங்களும் ஒருவரா, இல்லையா?

"யோசிச்சுச் சொல்றேன்" என்று முணுமுணுத்தீர்களே, அது என் காதில் விழுந்துவிட்டது.